கதவைத் திற, தம்பி!

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

அன்று இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர்கள் திடீரென்று முடங்கின. திரையில் சிவப்பு நிறத்தில் ஓர் அறிவிப்பு தோன்றியது.

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் பூட்டிவிட்டோம். திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடுங்கள். 3 நாட்கள் தாண்டினால் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்று அது மிரட்டியது.

டாக்டர்களால் நோயாளிகளின் குறிப்புகளைப் பார்க்க முடியவில்லை. சில இடங்களில், அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இங்கிலாந்தில் இருந்த 236 அரசு ஆஸ்பத்திரி நிர்வாகங்களில், குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. டாக்டரைப் பார்க்கவும் சிகிச்சை பெறவும் காத்திருந்த சுமார் 19 ஆயிரம் பேருடைய முறை ரத்தாகி இருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

மற்ற நாடுகளும் தப்பவில்லை. சுமார் 150 நாடுகளில், 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் அகப்பட்டுக்கொண்டன. நம் நாட்டில் ஆந்திர மாநிலப் போலீசாரின் சில கம்ப்யூட்டர்களும் பாதிக்கப்பட்டன.

இத்தனை நாசத்தையும் செய்தது ஒரு கம்ப்யூட்டர் புழு. புழு என்றால் உயிர் உள்ள புழு அல்ல. கெடுதல் செய்வதற்கென்றே யாரோ எழுதிய கட்டளைகள். ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால், அங்கிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்குத் தானாகவே ஊர்ந்து போகும். அதனால் அந்தப் பெயர். இந்தப் புழுவை 'வானாகிரை' என்று அழைத்தார்கள்.

அது நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கு உரிய மருந்தை, மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்களில்தான் புழு புகுந்தது.

இந்தப் புழுவைத் தடுத்து நிறுத்தியது யார்? ராணுவமா? பெரிய விஞ்ஞானக் கூடமா?

இல்லை. தாய் தந்தையின் வீட்டில், தன் அறைக்குள் உட்கார்ந்திருந்த 22 வயது வாலிபர்!

சமையல் அறையில் தாய்

அவர் பெயர் மார்க்கஸ் ஹட்சின்ஸ். இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் இல்பிரகூம் என்ற சிறிய கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கேதான் அவர் வாழ்ந்தார்.

அவர் ஒரு ஹேக்கர். கம்ப்யூட்டரின் பூட்டுகளைத் திறக்கும் வித்தை தெரிந்தவரை ஹேக்கர் என்பார்கள். அந்த வித்தையை வைத்து வீட்டைக் காக்கவும் செய்யலாம். கன்னம் வைக்கவும் செய்யலாம்.

அவர் அதிகம் வெளியே வரமாட்டார். இணையத்தில் அவருக்குப் புனைபெயர்தான். படம் வைக்கும் இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட பூனையின் படம்! அந்தப் பூனைக்குப் பின்னால் இருப்பது யார் என்று வெளி உலகத்துக்குத் தெரியாது.

அன்று அவருக்கு விடுமுறை. நண்பர் ஒருவருடன் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வீடு திரும்பினார். அதற்குள் புழு ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. அதே தொழிலில் இருந்த ஒரு நண்பர், அந்தப் புழுவின் மாதிரியைக் கொடுத்து உதவினார்.

ஹட்சின்ஸ் அதைப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரில் நுழைந்ததும், அந்தப் புழு ஒரு நீளமான இணைய முகவரியைக் கூப்பிட்டுப் பார்ப்பது தெரிந்தது. அந்த முகவரி யாருக்கும் சொந்தம் இல்லாமல் கிடந்தது.

உடனே அதைத் தன் பேரில் பதிவு செய்தார். செலவு 10 டாலர் 69 சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் 700 ரூபாய்.

எத்தனை கம்ப்யூட்டர்களில் புழு நுழைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அவர் நோக்கம். ஆனால், நடந்தது வேறு. கூப்பிட்ட குரலுக்குப் பதில் கிடைத்தால், புழு அதோடு நின்றுவிடும். அப்படித்தான் அதை எழுதியிருந்தார்கள். முகவரிக்கு உயிர் வந்தது, புழு நின்றது!

முதலில் இது அவருக்கே தெரியாது. உங்களால்தான் கேடு அதிகமாகிவிட்டது என்று கூட ஒருவர் சொல்லிவிட்டார். பயந்து போனார். தன் கம்ப்யூட்டர் ஒன்றிலேயே புழுவை விட்டுச் சோதித்துப் பார்த்தார். முகவரிக்கு வழி இருந்தபோது புழு படுத்துவிட்டது. வழியை அடைத்ததும் எழுந்து கடித்தது. தன் கம்ப்யூட்டர் பாழானதைப் பார்த்துச் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தவர், உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்!

ஓடிப்போய் வீட்டில் சொன்னார். தாய் ஒரு நர்சு. அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மகனைப் பாராட்டிவிட்டு, மறுபடியும் வெங்காயம் நறுக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும்.

தாய் நல்லவர். மகன் மீது பாசம் உள்ளவர். ஆனால், அறைக்குள் மகன் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தான் என்பது அவருக்குத் தெரியாது. அன்று செய்த நன்மையின் அளவும் தெரியாது. முன்பு செய்த தீமையும் தெரியாது.

ஆம், தீமையும் இருந்தது.

முகம் தெரியாத நண்பன்

சின்ன வயதிலிருந்தே ஹட்சின்சுக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். பெற்றோர் கட்டுப்பாடு வைத்தார்கள். அவரோ அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டும் வித்தையையே கற்றுக்கொண்டார்.

பள்ளிக்கூடத்திலும் அவர் மீது சந்தேகம் விழுந்தது. கம்ப்யூட்டர்களுக்கு வந்த ஒரு கேட்டுக்கு அவர்தான் காரணம் என்றார்கள். அவர் மறுத்தார். நம்பவில்லை. நம்மை யாரும் நம்பவில்லையே என்று நினைக்கும் பையன் என்ன செய்வான்? கதவைச் சாத்திக்கொள்வான்.

சாத்திய கதவுக்கு உள்ளேயும் ஒரு வழி இருந்தது. அதுதான் இணையம்.

அந்த வழியாக ஒருவன் வந்தான். அவன் முகம் தெரியாது. உண்மைப் பெயரும் தெரியாது. உன்னைப் போலக் கெட்டிக்காரன் இல்லை என்று புகழ்ந்தான். வேலை கொடுத்தான். பணம் கொடுத்தான். பிறந்த நாளுக்குப் பரிசு அனுப்புகிறேன் என்று முகவரி கேட்டான். பையனும் கொடுத்தான்.

வந்த பரிசு என்ன தெரியுமா? போதைப் பொருள்கள்!

பிறகு, பாங்கிக் கணக்குகளில் திருடுவதற்கு உதவும் கட்டளைகளை எழுதித் தரும்படி அந்த ஆள் கேட்டான். ஹட்சின்ஸ் தயங்கினார். உன் பெயர் எனக்குத் தெரியும். உன் முகவரியும் தெரியும் என்று அவன் நினைவூட்டினான்.

பரிசு அனுப்பத்தான் முகவரி கேட்டான் என்று நினைத்தாரே, அது கழுத்துக்குக் கயிறாகிவிட்டது!

இப்படி உருவானதுதான் 'குரோனோஸ்' என்ற திருட்டுக் கருவி. 2014-ஆம் ஆண்டு முதல் அது கள்ளச் சந்தையில் விலை போனது. இந்த விவரங்களை எல்லாம் ஹட்சின்ஸ் 2020-ஆம் ஆண்டு, 'ஒயர்டு' என்ற அமெரிக்கப் பத்திரிகைக்குத் தாமே சொன்னார்.

அப்போது அவர் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்து அறைக்குப் போய், அம்மா, நான் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு அடி தூரம். அந்த நாலு அடியை அவரால் நடக்க முடியவில்லை.

மனிதர்களை நம்பாதவன் என்று நாம் சொல்கிற பையன், உண்மையில் யாரையுமே நம்பாதவன் அல்ல. அவன் யாரையாவது நம்பத்தான் செய்வான். வீட்டில் உள்ளவர்களை நம்ப முடியாவிட்டால், முகம் தெரியாதவனை நம்புவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வேலையைப் பார்த்து வந்த நம்பிக்கை

ஹட்சின்ஸ் மெல்ல மெல்ல அந்தச் சகதியிலிருந்து விலகினார். 2013-ஆம் ஆண்டு முதலே, கம்ப்யூட்டர் கிருமிகள் எப்படி வேலை செய்கின்றன என்று எழுதி வந்தார். அவற்றைத் தடுப்பது எப்படி என்றும் எழுதினார்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள ஒரு பாதுகாப்பு நிறுவனம் அதைப் பார்த்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அந்த வாலிபருக்கு, வீட்டிலிருந்தே செய்யும் வேலையைக் கொடுத்தது.

அவருடைய திறமைக்கு நேர்மையான வேலை கிடைத்தது. திறமை அதேதான், வழி மாறியது.

வானாகிரை புழு நின்ற பிறகும் வேலை ஓயவில்லை. அந்த முகவரியைச் செயல் இழக்கச் செய்யச் சிலர் தாக்கினார்கள். அது விழுந்தால் புழு மறுபடியும் கிளம்பும். ஹட்சின்சும் நிறுவனத்துத் தோழர்களும் நாள்கணக்கில் சரியாகத் தூங்காமல் காவல் காத்தார்கள். தனி ஆள் தொடங்கியதைப் பலர் சேர்ந்துதான் காப்பாற்றினார்கள்.

பூனைப் படம் கிழிந்தது

சில நாட்களில், பத்திரிகைகள் அவருடைய பெயரையும் படத்தையும் கண்டுபிடித்து வெளியிட்டன. வீட்டு வாசலுக்கே நிருபர்கள் போனார்கள். வேண்டாம் என்று ஒதுங்கியவரை இழுத்து வந்து வெளிச்சத்தில் நிறுத்தினார்கள்.

நாமும் பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். புகழுவதாக இருந்தாலும், ஒருவரின் விருப்பத்தைக் கேட்ட பிறகு புகழுவதுதான் மரியாதை.

ஊர் அவரைக் கொண்டாடியது. ஒரு நிறுவனம் ஓராண்டுக்கு இலவசமாகப் பீட்சா தருவதாக அறிவித்தது. இன்னொரு நிறுவனம் 10 ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தது. அந்தப் பணத்தைத் தர்மத்துக்கும், மாணவர்களின் புத்தகங்களுக்கும் கொடுக்கப் போவதாக அவர் சொன்னார்.

மூன்று மாதம் கூட ஆகவில்லை. ஹேக்கர்களின் மாநாட்டுக்காக அமெரிக்காவுக்குப் போனார். ஆகஸ்டு 2-ந் தேதி, ஊர் திரும்புவதற்காக லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் காத்திருந்தார்.

அங்கே அமெரிக்க அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். குரோனோஸ் விவகாரம்! பழைய பாவம் விமான நிலையம் வரை துரத்தி வந்துவிட்டது.

ஜாமீன் தொகை 30 ஆயிரம் டாலர். பெற்றோர் கடல் தாண்டி இருந்தார்கள். கையில் உதவிக்கு ஆள் இல்லை.

அப்போது அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் முன்வந்தார்கள். அவர்களும் அதே தொழிலில் இருப்பவர்கள். ரத்த உறவு கிடையாது. ஒரே நாட்டுக்காரர்களும் இல்லை. அவர்கள் ஜாமீன் பணத்தைக் கட்டினார்கள்!

யார் பெற்ற பிள்ளையோ, கம்பிக்குப் பின்னால் இருக்கிறான். வெளியே வரட்டும் என்று நினைத்தார்கள். உலகம் கெட்டது என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டவருக்கு, உலகமே வந்து கதவைத் திறந்துவிட்டது.

உண்மையைச் சொல்லும் தைரியம்

ஆனால், கதை இங்கே முடியவில்லை. இனிமேல்தான் பெரிய சோதனை.

ஜாமீனில் வந்தவர் அமெரிக்காவை விட்டுப் போகக்கூடாது என்பது உத்தரவு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தங்கினார். தொடக்கத்தில் காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டியிருந்தார்கள். வீட்டைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

குற்றம் செய்யவில்லை என்றுதான் முதலில் கோர்ட்டில் சொன்னார். பலர் அதை நம்பினார்கள். உலகத்தைக் காப்பாற்றியவன் மீது பொய் வழக்கு என்று அவருக்காக வாதாடினார்கள். அந்த நம்பிக்கையே அவரை உறுத்தத் தொடங்கியது.

நம்மைச் சந்தேகப்படுகிறவர்களிடம் பொய் சொல்வது எளிது. நம்மை நம்புகிறவர்களிடம் பொய் சொல்லிக்கொண்டே இருப்பது நெஞ்சில் முள்.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார். செய்ததற்கு வருந்துவதாகவும், பொறுப்பை ஏற்பதாகவும் வெளிப்படையாக அறிவித்தார். ஒவ்வொரு குற்றத்துக்கும் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அது தெரிந்தே ஒப்புக்கொண்டார்.

ஜூலை 26-ந் தேதி, மில்வாக்கி நகரக் கோர்ட்டில் தீர்ப்பு. நீதிபதி ஸ்டாட்மியூலர் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஏற்கனவே காவலில் இருந்த நாட்களே தண்டனை. மேலும் ஓராண்டு கண்காணிப்பு என்று தீர்ப்பளித்தார்.

ஏன் இந்தக் கருணை? பிடிபட்ட பிறகு திருந்துகிறவர்கள் பலர். இந்த வாலிபரோ பிடிபடுவதற்கு முன்பே திருந்தியவர். நீதிபதி இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

நல்லது செய்துவிட்டால் கெட்டது மறைந்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறையாது. குரோனோஸ் போன்ற கருவிகள் உழைப்பவர்களின் சேமிப்பைத் திருடுவதற்காகவே செய்யப்பட்டவை. அதனால்தான் ஹட்சின்ஸ் குற்றவாளி என்பதை நீதிபதி மாற்றவில்லை. குற்றத்தைக் குற்றம் என்று எழுதிவிட்டு, வாழ்வதற்கு வழி விட்டார். நீதி என்பதும் இதுதான்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

இது இங்கிலாந்துக் கதை. ஆனால், கையில் போனை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள்.

பெற்றோர்களே! பிள்ளை தனியாக இருப்பது குற்றம் அல்ல. சில பிள்ளைகளின் சுபாவம் அப்படி. அமைதியாக உட்கார்ந்து எதையாவது பிரித்துப் பார்க்கிற பிள்ளைதான், நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியைக் காப்பாற்றும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

போனைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பூட்டு போட்டால் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொள்வான்.

அவன் பக்கத்தில் உட்காருங்கள். இது என்ன, எனக்கும் சொல்லிக்கொடு என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.

தப்புச் செய்துவிட்டேன் என்று பிள்ளை வந்து சொன்னால், முதலில் அடிக்காதீர்கள். முழுவதையும் கேளுங்கள். முதல் தடவை அடி விழுந்தால், இரண்டாவது தடவை அவன் உங்களிடம் வரமாட்டான். முகம் தெரியாதவனிடம் போவான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆதாரம் இல்லாமல் ஒரு மாணவனைத் திருடன் என்று சொல்லாதீர்கள். அவன் மனத்தில் சாத்தும் கதவு, பல ஆண்டுகளுக்குத் திறக்காமல் போகலாம்.

யாராவது இணையம் வழியாக மிரட்டினால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண் இருக்கிறது. வெளியில் சொன்ன மறு நிமிடமே, மிரட்டுகிறவனின் பலம் பாதி போய்விடும்.

கடைசியாக, அறைக்குள் இருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு சொல்.

எல்லோரையும் நம்பு என்று நாம் சொல்லவில்லை. இனிக்க இனிக்கப் பேசி முகவரி கேட்கிறவனை நம்பாதே. பெயர் சொல்லாமல் பரிசு அனுப்புகிறவனை நம்பாதே.

ஆனால், உன் காய்ச்சலுக்குக் கண் விழித்தவளை நம்பு. நீ செய்த வேலையைப் பார்த்துவிட்டு, இதை நல்ல வழிக்குப் பயன்படுத்து என்கிறவரை நம்பு. நீ விழுந்து கிடக்கும்போது, பெயர் கூடக் கேட்காமல் கை கொடுக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை நம்பு.

ஹட்சின்ஸ் தன் அறையிலிருந்து தாயின் பக்கம் போய்ச் சேர இத்தனை ஆண்டுகளும், ஒரு கைதும், ஒரு கோர்ட்டும் தேவைப்பட்டன. உனக்கு அவை தேவை இல்லை. நாலு அடிதான் தூரம்.

சமையல் அறையில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

கதவைத் திற, தம்பி. போய்ச் சொல்!